புகை விடும் ஐஸ்: வேடிக்கைப் பொருள் அல்ல!

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகிற சாலையில் இருக்கிறது, கிளியனூர். விழுப்புரம் மாவட்டத்து ஊர். நெல்லும் மணிலாவும் விளைகிற பூமி. முகூர்த்த நாள் வந்துவிட்டால், இந்தச் சாலை ஓரத்தில் உள்ள ஊர்களில் எல்லாம் கல்யாணக் களை கட்டிவிடும்.

முன்பெல்லாம் கல்யாணம் என்றால் வாழைமரம், மேளம், பந்தல், பந்தி. இவை இருந்தால் போதும். இப்பொழுது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் புகை!

மணமக்கள் மேடைக்கு நடந்து வருகிறார்கள். அவர்கள் காலடியில் வெள்ளை வெளேர் என்று புகை தவழ்கிறது. மேகத்தின் மேல் நடப்பதுபோல இருக்கிறது. கூட்டம் கை தட்டுகிறது. படம் எடுப்பவர் குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுக்கிறார்.

முன் வரிசையில் உட்கார்ந்து இருக்கும் சிறுவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புகை வருகிற டிரம்மை எட்டிப் பார்க்கிறான். உள்ளே வெள்ளைக் கட்டிகள்.

"ஆயா, ஐஸு! ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"வேணாம்டா கண்ணு, சளி பிடிச்சுக்கும்."

ஆயா சொன்னது நல்ல வார்த்தைதான். ஆனால் சொன்ன காரணம் போதாது. அந்த வெள்ளைக் கட்டியைத் தின்றால் சளி பிடிக்காது. உயிரே போகலாம்!

இது பயமுறுத்துவதற்காகச் சொல்கிற பேச்சு அல்ல. நம் நாட்டிலேயே நடந்து இருக்கிறது.

கல்யாண வீட்டில் நடந்த சோகம்

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். சத்தீஸ்கர் மாநிலத்தில் ராஜ்நந்த்காவ் மாவட்டம். அங்கே ஒரு கல்யாணத்துக்குத் தாயுடன் போய் இருந்தான், 3 வயதுச் சிறுவன். அழகுக்காகப் புகை வரவழைக்க வைத்து இருந்த கட்டியை, ஐஸ் என்று நினைத்து எடுத்துத் தின்றுவிட்டான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

அதற்கு முந்திய மாதம், டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள குருகிராமில் இன்னொரு சம்பவம். ஒரு ஓட்டலில் சாப்பிட்ட ஐந்து பேருக்கு, சாப்பாடு முடிந்ததும் வாய் மணக்க மென்று தின்னும் பொருள் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வாயில் போட்டதும் வாய் வெந்தது. இரத்தம் இரத்தமாக வாந்தி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கொடுத்தது டிரை ஐஸ் என்று பிறகு தெரிந்தது.

குழந்தைக்குத் தெரியாது. சரி. படித்த பெரியவர்களுக்கும் தெரியவில்லை. பரிமாறுகிறவர்களுக்கும் தெரியவில்லை. இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

டிரை ஐஸ் என்றால் என்ன?

'டிரை' என்றால் உலர்ந்தது. ஈரம் இல்லாத ஐஸ். சாதாரண ஐஸ் என்பது உறைந்துபோன தண்ணீர். டிரை ஐஸில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அது உறைந்துபோன கரியமில வாயு.

கரியமில வாயு நமக்குப் புதியது அல்ல. நாம் விடும் மூச்சில் இருக்கிறது. அடுப்பு எரிந்தால் உண்டாகிறது. கோலி சோடாவை உடைத்ததும் புஸ் என்று பொங்குகிறதே, அதுவும் இதே வாயுதான். அது விஷம் அல்லவே என்று கேட்கலாம். அளவோடு இருந்தால் தீங்கு இல்லை. அளவு மிஞ்சினால்தான் அபாயம்.

இந்த வாயுவை இயந்திரத்தில் போட்டு நெருக்கிக் குளிர்வித்தால் தண்ணீர்போல் ஆகிவிடும். அந்தத் திரவத்தைச் சிறு துவாரம் வழியாகச் சட்டென்று திறந்துவிட்டால், ஒரு பகுதி ஆவியாகப் பறக்கும். அப்படிப் பறக்கும்போது மிச்சம் இருப்பதில் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். மிச்சம், பஞ்சுபோல் வெள்ளைப் பனியாக உறைந்துவிடும். அந்தப் பனியை அழுத்திக் கட்டியாக்கினால் டிரை ஐஸ் தயார்!

முதன்முதலில் இதைக் கண்டு எழுதியவர், தீலோரியே என்ற பிரெஞ்சுக்காரர். வருஷம் 1835. கடையில் விற்கும் சரக்காக இது வந்தது, 1925-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில்தான். 'டிரை ஐஸ்' என்ற பெயரும் அப்பொழுதுதான் வந்தது.

எப்படிக் குளிர்விக்கிறது?

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் என்ன ஆகிறது? உருகி ஓடுகிறதா? இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு காற்றாகக் கலந்து மறைந்துவிடுகிறது. டிரை ஐஸும் அப்படித்தான். உருகாது, வழியாது. கட்டியாக இருந்தது நேராக வாயுவாக மாறிவிடும்.

மாறுவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் பொருளிடம் இருந்து பிடுங்கிக்கொள்ளும். வெப்பத்தை இழந்த பொருள் குளிர்ந்துவிடும்.

இது நம் வீட்டுப் பானை அறிந்த சங்கதிதான். மண்பானையில் தண்ணீர் ஏன் ஜில் என்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஊசி போடுமுன் நர்ஸ் அம்மா கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதுவும் இதனால்தான். டிரை ஐஸ் அதையே பயங்கர வேகத்தில் செய்கிறது.

எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா? சாதாரண ஐஸ் பூஜ்யம் டிகிரியில் உருகும். டிரை ஐஸின் குளிர்ச்சி, பூஜ்யத்துக்கும் கீழே 78 டிகிரி! வீட்டு ஐஸ் பெட்டியின் மேல் தட்டில் ஐஸ் உறைகிறதே, அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி இருந்தால் அதிகம். பூமியிலேயே மிகக் குளிர்ந்த இடமான அண்டார்டிகாவில், 1983-ம் ஆண்டு பூஜ்யத்துக்குக் கீழே 89 டிகிரி குளிர் பதிவாகி இருக்கிறது. கல்யாண மண்டபத்து டிரம்முக்குள் இருப்பது ஏறக்குறைய அந்தக் குளிர்!

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை, ஒரு கிலோ டிரை ஐஸ் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்து சரக்கு நனையாது. ஐஸ்கிரீம் அனுப்புகிறவர்களும், ஆஸ்பத்திரிச் சோதனைக்கு இரத்தம், சதை மாதிரிகளை அனுப்புகிறவர்களும் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

கொரோனா நோய் உலகைக் கலக்கியபோது, 2020-ம் ஆண்டு கடைசியில் வெளிநாடுகளில் வந்த ஒரு தடுப்பு மருந்தை, பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரியில் வைத்து அனுப்பவேண்டி இருந்தது. அதற்குக் கைகொடுத்தது டிரை ஐஸ்தான். நம் ஊர்களில் போட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் ஊசி மருந்துகளுக்கு அவ்வளவு குளிர் தேவைப்படவில்லை. அவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி வரை போதுமானதாக இருந்தது.

ஆகவே, டிரை ஐஸ் கெட்ட பொருள் அல்ல. உயிர் காக்கும் வேலைக்கும் உதவுகிற பொருள். கெட்டது, அதை வேடிக்கைப் பொருளாக நினைக்கிற நினைப்பு!

ஐஸே அதிசயமாக இருந்த காலம்

சாதாரண ஐஸ்கூட ஒரு காலத்தில் அதிசயமாகத்தான் இருந்தது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் பழைய பெயர் 'ஐஸ் ஹவுஸ்'. 1842-ம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்டது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளில் ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, கடல் கடந்து கொண்டு வந்து அங்கே சேமித்து வைத்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களும் பணக்காரர்களும் வாங்கினார்கள்.

இன்று? கிளியனூர்ப் பக்கத்துப் பெட்டிக்கடையில்கூட ஐஸ் கிடைக்கிறது. நாளைக்கு டிரை ஐஸும் அப்படி ஆகலாம். புதுச்சேரியில் வாங்குகிற ஐஸ்கிரீம் கேக்கோடு ஒரு பொட்டலமாக அது வீட்டுக்குள் வந்துவிடக்கூடும். பொருள் வருமுன் அதைப்பற்றிய அறிவு வரவேண்டும். பொருள் முந்திக்கொண்டு, அறிவு பிந்தினால் சங்கடம்தான்.

அபாயங்கள் மூன்று

முதலாவது, சுடும். குளிர்ந்த பொருள் எப்படிச் சுடும்? சுடும்! கை பட்ட இடத்தில் தோலும் சதையும் உறைந்து செத்துப்போகும். கொப்புளம் கிளம்பும். நெருப்புப் புண்ணுக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கையிலேயே இப்படி என்றால், நாக்கும் தொண்டையும் வயிறும் என்ன ஆகும்? அதோடு, வயிற்றுக்குள் போன கட்டி வாயுவாக மாறி உப்பும். வயிறு தாங்காது.

இரண்டாவது, வெடிக்கும். ஒரு கிலோ டிரை ஐஸ் முழுவதும் மாறினால், 500 லிட்டருக்கு மேல் வாயு ஆகும். ஒரு லிட்டர் பாட்டிலில் 100 கிராம் போட்டு மூடினால் என்ன நடக்கும்? 50 லிட்டருக்கு மேற்பட்ட வாயு அந்த ஒரு லிட்டர் இடத்தில் அடைபட்டுத் திமிறும். லாரி டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் பல மடங்கு அழுத்தம். பாட்டில் தாங்குமா? குண்டுபோல் வெடித்துச் சிதறும். கண் போகும், விரல் போகும். இதை 'விளையாட்டு' என்று செய்கிற பிள்ளைகள் பல நாடுகளில் காயம்பட்டு இருக்கிறார்கள்.

மூன்றாவது, மூச்சை அடைக்கும். இதுதான் மிகப் பெரிய அபாயம். ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாது.

புகைதான் தெரிகிறதே என்று கேட்கலாம். அந்த வெள்ளைப் புகை கரியமில வாயு அல்ல! காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து, மார்கழி மூடுபனிபோல் ஆகிவிடுகிறது. அதைத்தான் நாம் பார்க்கிறோம். கரியமில வாயுவுக்கு நிறம் இல்லை. புகை கலைந்த பிறகும் வாயு அங்கேயே இருக்கலாம்.

சமையல் காஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். தெரியவேண்டும் என்றே அதில் நாற்றம் சேர்த்து இருக்கிறார்கள். கரியமில வாயுவுக்கு நாற்றமும் இல்லை. தலைவலி, மூச்சு வாங்குதல், தலை சுற்றல் இவைதான் அடையாளம். அடையாளம் தெரிந்து எழுந்திருப்பதற்குள் மயக்கம் வந்துவிடும்.

இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ஆகையால் தரையோடு தரையாகப் படியும். பள்ளத்தைத் தேடிப் போகும். நின்று கொண்டு இருக்கிற பெரியவருக்கு ஒன்றும் தெரியாதபோது, பாயில் தூங்கும் குழந்தைக்கு மூச்சு முட்டலாம்.

விவசாயிகளுக்கு இது தெரியாத கதை அல்ல. தூர் வாரக் கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுந்தார். காப்பாற்ற இறங்கியவரும் விழுந்தார். இப்படிச் செய்தி வருவது உண்டு. பள்ளத்தில் கெட்ட வாயு தங்கி, நல்ல காற்று இல்லாமல் போனதன் விளைவு அது.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையும் முழுவதும் சரி அல்ல. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கரியமில வாயு சேர்ந்தாலே மனிதனுக்கு அபாயம். அந்த அளவில் விளக்கு அணையாமல் எரிந்து கொண்டே இருக்கும். விளக்கு எரிகிறது என்று இறங்கினவர் விழுந்துவிடுவார்!

நீச்சல் குளத்திலும் காரிலும்

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ரஷியத் தலைநகர் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விழா. கட்டடத்துக்குள் இருக்கும் நீச்சல் குளத்தில், புகை வரவேண்டும் என்பதற்காக 25 கிலோ டிரை ஐஸைக் கொட்டினார்கள். புகை வந்தது. உடனே சிலர் குதித்தார்கள். மூன்று பேர் மாண்டார்கள். குளத்தின் மேல் கரியமில வாயு போர்வைபோல் படிந்து இருந்ததை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2018-ம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு சம்பவம். ஐஸ்கிரீம் விற்பவர் ஒருவரின் காரில் டிரை ஐஸ் பெட்டிகள் இருந்தன. அந்தக் காரில் சென்ற இரண்டு பெண்களில் ஒருவர் மாண்டார். மற்றொருவர் உயிருக்குப் போராடினார். பெட்டிகளில் இருந்து கசிந்த வாயு காருக்குள் நிறைந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. சிறிய காருக்குள் சுமார் 3,000 லிட்டர் காற்று இருக்கும். கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசியில் வெளிக்காற்று வராமல் வைத்து இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கால் கிலோ டிரை ஐஸ் கரைந்தாலே, 130 லிட்டருக்கு மேல் கரியமில வாயு சேர்ந்துவிடும். அதாவது, நூற்றுக்கு 4 பங்குக்கு மேல். அபாய எல்லை தாண்டிவிட்டது!

விமானத்தில் போகிறவர் ஒருவர் 2.5 கிலோவுக்கு மேல் டிரை ஐஸ் கொண்டு போகக்கூடாது. அதற்கும் விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். வாயு வெளியேற வழி உள்ள பெட்டியாக இருக்கவேண்டும். உள்ளே இருப்பது இன்னது, எடை இவ்வளவு என்று பெட்டி மேல் எழுதவேண்டும்.

விமானத்துக்கு இவ்வளவு விதி. கல்யாண மண்டபத்துக்கு? திண்டிவனம் போகிற டவுன் பஸ்ஸுக்கு? வாடகைக் காருக்கு? அங்கே போகிறவர்களும் மனிதர்கள்தானே!

புகை இல்லாவிட்டால் என்ன?

"பெரிய மண்டபம். நாலு பக்கமும் கதவு. அஞ்சு நிமிஷம் புகை வந்தால் என்ன முழுகிப் போகிறது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காற்றோட்டம் உள்ள பெரிய இடத்தில், பெரியவர்கள் நின்று கொண்டு இருக்கும்போது, கொஞ்ச நேரப் புகையால் மூச்சு முட்டிப் போய்விடாது. ஆனால் அபாயம் அந்த ஐந்து நிமிஷத்தில் மட்டுமா இருக்கிறது?

புகை நின்ற பிறகு டிரம்மை எங்கே வைக்கிறார்கள்? பூட்டிய பின் அறையில். அந்த அறையில் யார் படுத்துத் தூங்குகிறார்கள்? கைக்குழந்தைக்காரி. மிச்சக் கட்டியை எங்கே கொட்டுகிறார்கள்? எச்சில் இலை போடும் இடத்தில். அங்கே யார் விளையாடுகிறார்கள்? பிள்ளைகள். ராஜ்நந்த்காவில் போன உயிர், புகையால் போகவில்லை. கை எட்டும் இடத்தில் கட்டி கிடந்ததால் போயிற்று.

ஒரு கல்யாணத்துக்குப் புகை அவசியமா? தாலிக்கும் புகைக்கும் சம்பந்தம் இல்லை. பந்திக்கும் புகைக்கும் சம்பந்தம் இல்லை. புகை இல்லாமல் நடந்த கல்யாணத்தில் யாரும் குறை கண்டது இல்லை. மேடைக்குப் புகை வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், குழந்தைகள் நெருங்காதபடி ஓர் ஆளைக் காவல் போடட்டும். முடிந்ததும் டிரம்மை அவரே எடுத்துக்கொண்டு போகட்டும். அதற்கு ஆள் இல்லை என்றால், புகையும் வேண்டாம்.

சாப்பாட்டில் புகை என்பது அதைவிட மோசம். வாயில் புகை வருகிறது என்று, திரவ நைட்ரஜன் ஊற்றிய பிஸ்கட்டைப் பொருட்காட்சிகளில் விற்கத் தொடங்கினார்கள். திரவ நைட்ரஜன், டிரை ஐஸைவிடக் குளிர்ந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி! கர்நாடகத்தில் தாவணகெரேயில் ஒரு சிறுவன் அதைத் தின்று துடித்த படம், 2024-ம் ஆண்டு ஏப்ரலில் ஊர் ஊராகப் பரவியது. அதன் பிறகு தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையும், இப்படி விற்பவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எச்சரித்தது.

கிராமத்தார் இந்தத் திரவத்தை வேறு இடத்தில் பார்த்து இருப்பார்கள். பசுவுக்குச் சினை ஊசி போட வரும் மாட்டு டாக்டர் ஒரு கேன் கொண்டு வருவார். மூடியைத் திறந்தால் புகை வரும். அவர் இடுக்கியால்தான் எடுப்பார். யாரையும் தொடவிட மாட்டார். மாட்டுக்கு ஊசி போடுகிற இடத்தில் இருக்கிற ஜாக்கிரதை, மனிதன் சாப்பிடுகிற இடத்தில் வேண்டாமா?

எப்படி உபயோகிப்பது?

டிரை ஐஸை உபயோகித்தே தீரவேண்டி வந்தால், கவனிக்க வேண்டியவை:

1. வெறுங்கையால் தொடக்கூடாது. இடுக்கி வேண்டும். கைக்குத் தோல் உறை, அல்லது பல மடிப்பாக மடித்த தடித்த துணி வேண்டும். துணி ஈரமாக இருக்கக்கூடாது. உடைக்கும்போது சில் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடவேண்டும்.

2. இறுக மூடும் பாட்டில், தூக்குப் பாத்திரம், பிளாஸ்க் எதிலும் போடக்கூடாது. தெர்மாகோல் பெட்டி நல்லது. அதையும் சுற்றிலும் ஒட்டி அடைக்கக்கூடாது. வாயு வெளியேற வழி இருக்கவேண்டும்.

3. குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஆகவே பொருளை அடியில் வைத்து, டிரை ஐஸை மேலே வைக்கவேண்டும். நடுவில் அட்டையோ கனத்த காகிதமோ போடவேண்டும். தின்னும் பொருள் மேல் நேராகப் படக்கூடாது.

4. வீட்டு ஐஸ் பெட்டியில் சேமிக்கக்கூடாது. படுக்கை அறையில் வைக்கவே கூடாது.

5. காரில் கொண்டு போனால் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். திறந்த வண்டியின் பின்பக்கம் இன்னும் நல்லது. பெட்டியைக் காரில் வைத்துவிட்டுக் குழந்தையை உள்ளே தூங்க விடக்கூடாது.

6. சர்பத்திலோ, பழரசத்திலோ போட்டுக் கொடுக்கக்கூடாது. கட்டி டம்ளரின் அடியில் கிடக்கும். கடைசி வாய் குடிக்கும்போது வாய்க்குள் போய்விடும்.

7. மிச்சத்தைத் தொட்டியிலோ, கக்கூஸிலோ, சாக்கடையிலோ, கிணற்றிலோ போடக்கூடாது. பிள்ளைகளும் கன்றுகாலிகளும் எட்டாத திறந்த வெளியில் வைத்தால், தானாகக் கரைந்து போய்விடும்.

தப்பித் தவறி நேர்ந்துவிட்டால்

கையில் பட்டுவிட்டால் தேய்க்கக்கூடாது. நெருப்பிலும் காட்டக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இருந்து, டாக்டரிடம் காட்டவேண்டும். கொப்புளத்தை உடைக்கக்கூடாது.

விழுங்கிவிட்டால், விரலைவிட்டு வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்து, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தின்றது டிரை ஐஸ் என்று டாக்டரிடம் சொல்லவேண்டும்.

தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வரவேண்டும். அடைத்த அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், கதவு ஜன்னல்களை விரியத் திறக்கவேண்டும். 108-க்குச் சொல்லவேண்டும். கிணற்றிலோ குழியிலோ விழுந்தவரைக் காப்பாற்றத் துணிந்து இறங்கக்கூடாது. அது வீரம் அல்ல. ஒரு சாவு இரண்டு சாவு ஆவதற்கு வழி. தீயணைப்பு நிலையத்தாரை அழைக்கவேண்டும்.

உப்பு போதுமே!

இதற்கெல்லாம் மேலே ஒரு யோசனை உண்டு. பெரும்பாலான வீட்டு வேலைக்கு டிரை ஐஸ் தேவையே இல்லை.

மீனுக்குச் சாதாரண ஐஸ் போதும். ஐஸ்கிரீம் உருகாமல் இருக்கவேண்டுமா? திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கின்றன. அந்த உப்பு போதும்! மூன்று பங்கு உடைத்த ஐஸில், ஒரு பங்கு உப்பைக் கலந்தால், குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூட இறங்கும். குல்பி ஐஸ் விற்பவர்கள் பல காலமாகக் கையாளும் வழி இது. மூச்சை அடைக்காது. பாட்டிலை வெடிக்க வைக்காது. இதையும் வெறுங்கையில் அள்ளக்கூடாது என்பது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. தெர்மாகோல் பெட்டிக்குள் இந்தக் கலவையை வைத்தால், புதுச்சேரியில் வாங்கின ஐஸ்கிரீம் கிளியனூர் வரை கட்டியாகவே வந்து சேரும்.

சின்ன வேலைக்குச் சின்னக் கருவி. கொசுவை அடிக்கக் கோடரி எதற்கு?

ஒரு துண்டுச் சீட்டு

டிரை ஐஸை அடியோடு தடை செய்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரி அல்ல. ஆஸ்பத்திரிக்கும் ஆராய்ச்சிக்கும் அது வேண்டும். கத்தி கையை அறுக்கிறது என்பதற்காகக் கத்தியே வேண்டாம் என்று சொல்வது இல்லை. குழந்தை கையில் கொடுப்பது இல்லை, அவ்வளவுதான்.

செய்யவேண்டியது எளியது. டிரை ஐஸ் விற்கிற ஒவ்வொருவரும், ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுக்கவேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், நாலே வரி:

தொடாதே! தின்னாதே! மூடி அடைக்காதே! அடைத்த இடத்தில் வைக்காதே!

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியவேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு படம் போட்டுவிட்டால் போயிற்று. அச்சடிக்க அதிகச் செலவு ஆகாது. இதைக் கட்டாயம் ஆக்குவது அரசாங்கத்துக்குப் பெரிய காரியம் அல்ல. மண்டபம் வைத்து இருப்பவர்கள் அரசாங்கம் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. "குழந்தைகள் கை எட்டும் இடத்தில் டிரை ஐஸ் வைக்க அனுமதி இல்லை" என்று ஒரு பலகையை இன்றைக்கே மாட்டலாம்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு இதைச் சொல்லலாம். கற்பூரத்தையும் மண்பானையையும் காட்டினாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். புரிந்த பிள்ளை வீட்டுக்குப் போய் ஆயாவுக்குச் சொல்லும்.

அடுத்த முகூர்த்தத்தில் முன் வரிசைச் சிறுவன், "ஆயா, ஐஸு!" என்று கை நீட்டும்போது, ஆயா காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

"அது ஐஸு இல்லேடா கண்ணு. நெருப்பு மாதிரி. தொட்டா வெந்துடும், தின்னா உசிரு போயிடும். கிட்டே போகாதே, இப்படி வந்து உக்காரு."

இந்த வார்த்தை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்கவேண்டும். ஒரு குழந்தை பறிபோனது போதும்.